மடிக்கணினிக்குப் பின்னால் ஒரு கதிரை

என் அருமை மச்சான் செல்வனுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது. பூலோகத்திலிருந்து முக்கியச் செய்தி: உன் அத்தானின் கழுத்து சுளுக்கிவிட்டது. காரணம் நீதான்.

நினைவிருக்கிறதா? கொரோனா காலத்தில் பல்கலைக்கழகத்தைப் பூட்டி, வீட்டிலிருந்தே இணையவழியில் படிப்பிக்கச் சொன்னார்கள். வாய் திறந்தால் சுன்னாகம் சந்தையே அடங்கிப்போகும் விலங்கியல் விரிவுரையாளன் நான், மடிக்கணினிக்கு முன் ஊமையானேன். டேட்டா மிச்சம்பிடிக்க மாணவர்கள் கமராவை நிறுத்தியிருந்தார்கள். அறுபது கறுப்புக் கட்டங்கள். கேட்கிறார்களா, நித்திரையா, யாருக்குத் தெரியும்? இறுதி வருடப் பாடத்தைக் கைவிடுவதாகக் கடிதமும் எழுதிவிட்டேன். அதைப் படிப்பிக்க வேறு ஆளில்லை. பிள்ளைகளின் பட்டம் தள்ளிப்போயிருக்கும்.

எங்கள் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில் வேலைசெய்த நீ, பருத்தித்துறையிலிருந்து உடுவிலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தாய். எந்தப் பொத்தானை அழுத்துவதென்று காட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீயோ ஒரு கதிரையை இழுத்து, மடிக்கணினிக்குப் பின்னால் போட்டு இருந்துவிட்டாய்.

"அத்தான், அந்தக் கட்டங்களைப் பாக்காதேங்கோ. எனக்குப் படிப்பியுங்கோ."

தலையாட்டியபடியே இருந்தாய். நண்டு ஓடு கழற்றும் பாடத்தின் நடுவில் கையை உயர்த்தினாய்.

"ஓட்டைக் கழட்டினாப் பிறகு அது என்ன செய்யும், அத்தான்?"

"பயத்திலை ஒளிச்சிருக்கும். உன்ரை அத்தானைப் போலை."

ஏதோ ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து சிரிப்புக் கேட்டது. பிறகு கேள்விமேல் கேள்வி. கடிதத்தை அன்றே கிழித்தேன்.

அதன்பின் எத்தனை விரிவுரையாளர்களின் வீட்டில் கதிரை போட்டாய்? வரலாறு, பொருளியல், இரசாயனம், எல்லாவற்றுக்கும் ஆடியது உன் ஒரே தலை. சும்மாதான் ஆட்டினாய் என்று நம்பியிருந்தேன். போன கிழமை உன் மனைவி சொன்னாள்: மீன் சந்தையில் ஓடு கழற்றிய நண்டொன்றைத் தூக்கிப் பிடித்து, வியாபாரிக்கு அரை மணி நேரம் விளக்கினாயாம். ஒரு சொல் பிசகாமல் என் விரிவுரை. சரித்திரத்தில் இரண்டாம் முறையாக நான் ஊமையானேன்.

இப்போது புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளப் பிள்ளை ஒன்று, சனிக்கிழமை இணைய வகுப்பில் குரல் நடுங்கி நிற்கிறது. பாடம் புள்ளிவிபரவியல். அவளுக்கு முன்னால் கதிரை போட்டேன். ஒரு மணி நேரம் உண்மையாகக் கேட்டுத் தலையாட்டுவதைவிட இமயமலையைத் தோளில் சுமக்கலாம். நீ எப்படியடா செய்தாய்?

வாற சனிக்கிழமையும் போவேன். விளங்கினால் மட்டும் தலையாட்டுவேன். விளங்காவிட்டால் உன்னைப் போலக் கையை உயர்த்துவேன்.

சுளுக்கிய கழுத்தோடும் உன்னை அண்ணாந்து பார்க்கும்,
உன் அத்தான்