குருவம்மாள் உருட்டிய கல்கல்

1958 டிசம்பர் 2, செவ்வாய். சாத்தூர்

லீவு இல்லை. இன்னொரு நர்சு பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டதால் கிறிஸ்துமஸுக்கு நான் இங்கேயேதான் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா காலையில் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் நாசரேத்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு எழுத வேண்டும். இன்று எழுத மனசில்லை.

டிசம்பர் 4

ஐந்தாம் கட்டில் குருவம்மாளிடம் எரிந்து விழுந்தேன். தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டி, குச்சி அடைக்கிறவள். அக்டோபரில் கையில் இருந்த குச்சிக்கட்டு உரசிப் பற்றிக்கொண்டு, இரண்டு கையும் வெந்து வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தோல் மூடிவிட்டது, கட்டும் அவிழ்த்தாயிற்று. ஆனால் விரலை அசைக்க மாட்டேன் என்கிறாள். அசைக்காமல் இருந்தால் மடங்கினபடியே இறுகிவிடும், இந்த மாசம் விட்டால் பிறகு கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்கிறார். நான் விரலைப் பிடித்து நீட்டினேன், கையைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒன்ன மாதிரி ஆளுகளுக்காகத்தான் ஊருக்குப் போகாம இங்கன கிடக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். என் லீவு போனதற்கு அவளா பொறுப்பு? சொல்லியிருக்கக் கூடாது.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வரும் வழியில் மைதாவும் சீனியும் வாங்கினேன். ஊருக்குப் போகாவிட்டால் என்ன, பலகாரத்தை இங்கேயே செய்வேன். வார்டில் பதினான்கு பேர். மாவை உருட்டிப் பொரித்த கல்கல் ஆளுக்கு ஒரு பொட்டலம், ஒரு துண்டு கேக்.

குருவம்மாளின் புருஷன் சங்கிலிமுத்து வந்திருந்தான். இருக்கன்குடிப் பக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் நடந்தே வருகிறான். அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் சொன்னான்: "நர்சம்மா, வெந்த கை வெந்ததுதான்னு இவளே முடிவு கட்டிட்டா. கம்பெனியில இவ வேகத்துக்குப் பொட்டி அடைக்க ஆள் கிடையாது. அதான் அவளுக்குத் தாங்கல."

அவனிடம் நான் திட்டியதை அவள் சொல்லவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 9

ஆசுபத்திரி அடுப்படியில் இன்று மாவு பிசைந்து பார்த்தேன். தேங்காய்ப்பால், கொஞ்சம் நெய். மாவு கையில் எவ்வளவு மெத்தென்று வருகிறது! பிசையும்போது ஒவ்வொரு விரலும் மடங்குகிறது, நிமிர்கிறது. சட்டென்று நிறுத்தினேன். நான் பிடித்து இழுத்தால்தானே அவளுக்கு வலிக்கிறது. மாவு யாரையும் இழுக்காதே.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். யோசித்தார். "கையைச் சுத்தமாக் கழுவணும். தோல் வெடிச்சா நிறுத்திரணும். செய்யட்டும்."

டிசம்பர் 10

ஒரு எலுமிச்சை அளவு உருண்டையை அவள் கையில் வைத்தேன்.

"இத என்ன செய்ய?"

"அமுக்கு."

"எதுக்கு?"

"கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு."

"நான் மாரியாத்தாளக் கும்பிடுதவ."

"மாவுக்கு அது தெரியாது."

உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா, தெரியவில்லை. நாலு தடவை அமுக்கினாள். கண்ணில் நீர். நிறுத்தச் சொன்னேன். ஐந்தாவது தடவையும் அமுக்கிவிட்டுத்தான் கொடுத்தாள். அந்த உருண்டை கோழிக்குப் போயிற்று.

அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "ஊருக்குப் போக முடியலேன்னா யாருக்குத்தான் கோவம் வராது" என்றாள்.

டிசம்பர் 11

இருபது தடவை.

டிசம்பர் 13

இன்று அவளே கேட்டாள், "மாவு எங்க?" என்று.

டிசம்பர் 16

கிள்ளுவது, உருட்டுவது வரை வந்துவிட்டாள். புதுச் சீப்பு ஒன்று வாங்கி வெந்நீரில் போட்டெடுத்தேன். சின்னதாகக் கிள்ளிய மாவைச் சீப்பின் பல்மேல் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினால் சுருண்டு, வரிவரியாகச் சங்கு மாதிரி வர வேண்டும். அவளுடைய முதல் கல்கல் நத்தை மாதிரி இருந்தது. இரண்டாவதும் நத்தை. ஒன்பதாவது கல்கல்தான்.

டிசம்பர் 17

கேக் சரிப்பட்டு வரவில்லை. பெரிய சட்டியில் மணல் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடிமேல் கங்கு போட்டேன். அடி கரி, நடு கூழ். ஆறு முட்டை பாழ். கங்கு அதிகமோ? மணல் குறைவோ? அம்மா இருந்தால் மூக்காலேயே சொல்லிவிடுவாள்.

டிசம்பர் 19

மனசு சரியில்லை. இப்படி நடந்தது. குருவம்மாள் கட்டிலில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் கட்டில் பஞ்சம்மாள், கால் எலும்பு முறிந்து கிடக்கிற அம்மாள், நிலபுலன் உள்ள வீடு. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அது எங்களுக்கும் குடுக்கதுக்கா?"

ஆமாம் என்றேன்.

"அவ கை பட்டதையா?"

மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. வார்டு முழுக்கக் கேட்டது. குருவம்மாள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் பஞ்சம்மாளிடம், "வேண்டாம்னா நீங்க திங்க வேண்டாம். வேற எதுவும் பேச வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். இன்னும் சொல்லியிருக்க வேண்டுமோ? சொன்னால் அந்த அம்மாளுக்கா வலிக்கும்—இவளுக்குத்தானே?

டிசம்பர் 20

குருவம்மாள் மாவைத் தொடவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை. விரல் மறுபடி மடங்குகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவரும் மறுக்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மாவையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு போய் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து உருட்டினேன். ஏழெட்டு போயிருக்கும்.

"ஓரம் ஒட்டல" என்றாள்.

பார்த்தேன். ஒட்டவில்லைதான்.

"எண்ணெயில போட்டா விரிஞ்சிரும். இம்புட்டுக் கனமா உருட்டினா உள்ள வேகாது. நகருங்க நர்சம்மா."

சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் வேண்டுமென்று கெடுக்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு அவ்வளவுதான் வரும்.

மத்தியானம் சங்கிலிமுத்து வந்தபோது தட்டு நிறைந்திருந்தது. அவன் சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனான். "குடும், நானே திங்கேன்" என்றாள். பாதி மடியில் சிந்தியது. அவன் எழுந்து தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே போனான். குடத்தில் தண்ணீர் இருந்தது.

டிசம்பர் 23

பொட்டலத்துக்குப் பதில் பெட்டியே செய்யலாமென்று குருவம்மாளின் யோசனை. ஞாயிறன்று அவள் சொல்லி, சங்கிலிமுத்து கம்பெனியில் கேட்டு, அச்சுப் பிசகி ஒதுக்கின லேபிள் தாள்களை ஒரு கட்டு கொண்டுவந்து தந்தான். சேவல் படம், சிவப்பு ஒரு பக்கம் வழிந்திருக்கிறது. அவள் மடிக்க, நான் கஞ்சிப் பசை தடவ, பதினான்கு பெட்டி. "முன்ன இந்நேரத்துக்கு முந்நூறு ஒட்டியிருப்பேன்" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை.

டிசம்பர் 24

கல்கல் பொரித்தாயிற்று, சீனிப்பாகில் புரட்டியாயிற்று. ஒன்றுகூட விரியவில்லை. கேக்கும் வந்துவிட்டது. மணலைக் கூட்டி, கங்கைக் குறைத்தேன். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வாசனை ஊர் வாசனை.

டிசம்பர் 25, வியாழன்

விடியற்கால ஆராதனைக்கு முன் வார்டை ஒருமுறை பார்க்கப் போனேன். குருவம்மாள் விழித்திருந்தாள். என் தலையைப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா இதென்ன கொண்டை? உக்காருங்க" என்றாள். எதிர்பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்தேன். சடை பின்னி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு முறை அவிழ்த்துப் பின்னினாள். கோவிலுக்குப் பிந்தித்தான் போனேன். வீட்டை விட்டு வந்தபின் எனக்கு யாரும் தலை பின்னினதில்லை.

பதினான்கு பெட்டியும் கொடுத்தாயிற்று. பஞ்சம்மாள் வாங்கித் தலைமாட்டில் வைத்தார், திறக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் பெட்டி காலி. "எறும்பு தின்னுருச்சு" என்றார். சரி என்றேன். மேலுதட்டில் சீனி ஒட்டியிருந்தது.

டிசம்பர் 31

குருவம்மாள் வீட்டுக்குப் போனாள். பொங்கல் கழித்து என்னை ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.

1959 ஜனவரி 18, ஞாயிறு

குருவம்மாள் ஊருக்குப் போய்வந்தேன். "எங்க வீட்டுல சாப்பிடுவீகளா நர்சம்மா?" என்று வாசலிலேயே கேட்டாள். பசியோடுதான் வந்திருக்கிறேன் என்றேன். பித்தளைக் குத்துப்போணியில் தண்ணீர் தந்தாள். கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு. மேலும் மேலும் வைத்துக்கொண்டே இருந்தாள். கம்பெனிக்குப் போவதைப் பற்றி, கூரை வேய்வதைப் பற்றி, பஞ்சம்மாளின் எறும்பைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. அவள் கையை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.