உன் தம்பியின் கை முறிந்த விவரம்

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இன்றைய தேதிக்கு நான், அம்மா, தம்பி மூவரும் நலமாக இருக்கிறோம். லண்டனில் குளிர் குறைந்ததா சாமி, டியூட்டிக்கு நடந்து போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா. தினமும் போனில் பேசுகிற அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாயால் சொல்ல வராததை எழுதித்தான் ஆகவேண்டியிருக்கிறது. போன மாதம், உன்னோடு வேலை செய்கிற கறுப்பினப் பெண்ணின் தம்பியை, பஸ்ஸுக்கு நின்றவனை, போலீஸார் சுவரோரம் நிறுத்திப் பையைக் கொட்டிச் சோதித்தார்கள், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பையன்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல்லி அழுதாய். நமக்கும் இப்படி நடந்திருக்கிறதா அப்பா என்று கேட்டாய். நான் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் தம்பி தனுஷுக்குக் கை முறிந்தபோது பட்டறையில் இரும்புச் சட்டம் விழுந்துவிட்டது என்று உனக்குச் சொன்னோம். அது பொய். நடந்தது இதுதான். மேற்கே தோட்டம் வைத்திருக்கிற கலையரசன், கிணற்று மோட்டாரைக் காணோம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார். யார் மேலும் சந்தேகம் சொல்லவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் நேராக நம் காலனிக்கு வந்தது. ஊருக்குள் ஏழு தெரு இருக்கிறது, ஒன்றிலும் நிற்கவில்லை. திருச்செங்கோட்டுக்கு வெல்டிங் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் தம்பியை ஏற்றினார்கள். என்னங்க சார் என்று கேட்டேன், விசாரிச்சுட்டு உட்டுருவோம் போ என்றார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அந்தக் காலத்தில் என் அப்பா நின்ற மாதிரியே. ஸ்டேஷனில் அவனிடம் முதலில் பெயரைக் கேட்கவில்லையாம், எந்தத் தெரு என்றுதான் கேட்டார்களாம். இரண்டாம் நாள் மத்தியானம் பார்த்தால், கலையரசனின் மருமகனே மாமனாரிடம் சொல்லாமல் மோட்டாரைக் கழற்றி, எரிந்துபோன காயில் கம்பியை மாற்றிக் கட்ட நாமகிரிப்பேட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார். போடா, போய்ப் பொழப்பைப் பாரு என்று சொல்லித் தம்பியை அனுப்பினார்கள். அதற்குள் இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, பாதம் தரையில் வைக்க முடியவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. அரசு ஆஸ்பத்திரியில் எங்களோடு ஒரு போலீஸ்காரரும் வந்து நின்றார். சின்ன வயது டாக்டரம்மா, எப்படி அடிபட்டது என்று கேட்டார். பாத்ரூமில் வழுக்கி உழுந்துட்டானுங்க என்று சொன்னேன். நான்தான் சொன்னேன் சாமி, பெற்ற அப்பன். தனுஷ் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். உன் அம்மா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போய், இல்லீங்க டாக்டர், போலீஸ்காரங்க அடிச்சதுங்க, அப்படியே எழுதுங்க என்றாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், டாக்டரம்மா எழுதி முடித்ததும் சீட்டை வாங்கி, போலீஸ் என்ற வார்த்தையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் ஸ்டேஷன் அதிகாரி என்னை மட்டும் கூப்பிட்டு, உன்ற புள்ள பாஸ்போர்ட்டு விசாரணை இங்கதான வரும், யோசிச்சுக்க என்றார். அதோடு நான் ஒடுங்கிவிட்டேன். ஒன்பது நாள் உன் அம்மாவிடம் புகார் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினேன். பத்தாம் நாள் அவள் கேட்டாள், பிரியா அங்க தலை நிமிந்து நடக்கோணும்னா இவன் இங்க குனிஞ்சு நடக்கோணுமாக்கும் என்று. அன்று புகார் மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

நாமக்கல் வக்கீல் அறிவுச்செல்வி நம் சமுதாயக் கூடத்துக்கு வந்து, வேறு யாருக்காவது இப்படி நடந்ததா என்று கேட்டார். முதலில் சுப்பம்மாள் எழுந்து தன் வீட்டுக்காரரைப் போலீஸ் கூட்டிப்போன கதையைச் சொன்னாள். அதன்பின் ஒவ்வொருவராக, பதினோரு வீடு. எல்லாரும் நம் மேல்தான் ஏதோ குற்றம் என்பதுபோல இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்தோம். ஒருத்தரு கெட்டவருன்னா அவரை மாத்துனாத் தீந்துரும், மூணு அதிகாரி மாறியும் ஜீப்பு இதே தெருவுக்குத்தானுங்களே வருது என்றார் வக்கீல். எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கோட்டாட்சியர் விசாரணைக்குக் கலையரசனும் வந்தார். மோட்டாரைத் தேடச் சொன்னனுங்க, பையனை அடிக்கச் சொல்லலீங்க என்றார். அதற்காக அவர் தெருவில் சிலர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு போலீஸ்காரர்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வழக்கு நடக்கிறது. இப்போது காலனியில் யாரைக் கூப்பிட்டாலும் இரண்டு பெண்கள் கூடவே ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். எதற்குக் கூட்டிவந்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லி வாங்குகிறார்கள், ஆளை விடும்வரை அங்கேயே உட்காருகிறார்கள். முதல் தடவை விரட்டினார்கள். நாலாம் தடவை பெண் போலீஸ் ஒருத்தி பெஞ்சை இழுத்துப் போட்டாளாம், அதை அம்மா நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே, போன வாரம்கூட வண்டிச் சோதனையில் நம் பையன்களைத்தான் இறக்கினார்கள். ஆனால் கை வைக்கவில்லை.

வைகாசியில் உன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். இடைஞ்சல் வராது, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் வக்கீல். உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதற்கு அப்பாவை மன்னித்துவிடு. வருகிற பதினான்காம் தேதி கோர்ட்டில் நான் சாட்சி சொல்கிறேன். டாக்டரிடம் சொன்னது பொய் என்பதையும் சொல்லவேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார் என்கிறார்கள். கேட்கட்டும். பயந்து சொன்னேன் என்பேன். எதற்குப் பயம் என்று கேட்டால், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, காய்ச்சலோடு டியூட்டிக்குப் போகாதே. நீ நூறு வருஷம் யாருக்கும் அஞ்சாமல் வாழவேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் சொல்கிறாள், நானும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் பேசும்போது நீயாக எதையும் கேட்காதே. அவனாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். அழுதால் அழவிடு. நான் இதுவரை அவனை அழ விட்டதில்லை.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
மாரியப்பன்