நனையாத நோட்டு

புதன்கிழமை

வீட்டை விட்டுப் போனாலும் வீட்டுக்காரியாகவே இருப்பவளுக்கு,

நான் நலம். வீடு காய்ந்துகொண்டிருக்கிறது. சுவரின் அடியில் சுண்ணாம்பு இன்னும் உரிகிறது, ஆனால் கதவுகள் இப்போது மூடுகின்றன. குளியலறைக் கதவு மட்டும் ஊதிப்போய் அடம் பிடிக்கிறது. பையன் வீட்டு நான்காம் மாடியில் உனக்குத் தூக்கம் வருகிறதா? லிஃப்டில் தனியாகப் போகப் பயந்தாயே, பழகிவிட்டதா? போனில் கேட்கலாம் என்றால் அவன் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். மருமகள் கேட்க நான் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம்.

கட்டில் இன்னும் செங்கல் மேல்தான் நிற்கிறது. ரயிலில் மேல் பெர்த்துக்கு ஏறுவது போல ஏறிப் படுக்கிறேன். உன் தையல் மெஷினை மேசைமேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை.

இனி விஷயம். நகராட்சிக்கு வடிகால் வேலைக்கென்று ஒரு புது எஞ்சினியர் வந்திருக்கிறார். பெண். நம் பையன் வயதுதான் இருக்கும். நம் தெருவில் வீடு வீடாக நின்று சுவரில் இருக்கும் தண்ணீர்க் கறையைப் பார்த்தார். இருபது வருடமாக வாய்க்காலைத் தூர்வாரியும் அகலப்படுத்தியும் இந்தத் தெரு மட்டும் ஏன் மூழ்குகிறது, கடற்கரைச் சாலை ஹோட்டல்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று கேட்டார். வரும் சனிக்கிழமை வார்டு அலுவலகத்தில் கூட்டம். யாரிடம் என்ன ஆதாரம் இருந்தாலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

யாரிடம் என்ன இருக்கும்? என் நோட்டு இருக்கிறது. பதினேழு வருடம். தண்ணீர் வாசல்படியைத் தொட்ட நேரம், ஏறிய உயரம், வடிந்த நேரம், நிறம், வாடை எல்லாம் அதில் உண்டு. "தண்ணி வந்தா ஊரே சாமானைத் தூக்குது, நீங்க ஸ்கேலைத் தூக்குறீங்க" என்று நீ சிரித்தாயே, அதே நோட்டு. பரிசளிப்பு விழாவில் பெயரைக் கூப்பிடும் முன்பே எழுந்து நிற்பானே ஒரு பையன், அப்படி இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து உன் அத்தான் வந்தார்.

உன் அக்காவைக் கட்டிய ஒரே காரணத்துக்காக நம் வீட்டுச் சாய்வு நாற்காலி அவருக்குச் சொந்தம். காலை நீட்டி உட்கார்ந்து, "என்ன வாத்தியாரே, தண்ணிக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். நான் பூகோளத்தில் எம்.ஏ. அவர் முப்பது வருடம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டவர்.

அவர் சொன்னது இதுதான். "பெருமழை வருதுன்னு ரேடியோவுல சொன்னதும் வர்றவங்க ரூமை கேன்சல் பண்ணிடுவாங்க. பூல்ல ஆள் இருக்காது. இப்பவே காலி பண்ணிக் கழுவிடுன்னு மேனேஜர் சொல்லுவார். நான் வால்வைத் திறந்துடுவேன். எங்க ஹோட்டல் மட்டுமா? நாப்பது ஹோட்டல். எல்லாம் ஒரே நாள்ல, ஒரே வாய்க்கால்ல." எந்தத் தேதி எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது அவருடைய டியூட்டி நோட்டில் இருக்கிறதாம். "உங்க நோட்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா வெட்ட வெளிச்சமாயிடும். குடுங்க" என்று கையை நீட்டினார்.

நோட்டு அவர் தலைக்கு நேர்மேலே அலமாரித் தட்டில் இருந்தது. "அது போன தண்ணியிலயே ஊறிப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டிய வாய் கொஞ்சமும் கூசவில்லை.

வகுப்பில் ஒரு பையன் கணக்கை முக்கால்வாசி போட்டு வைத்திருப்பான். பக்கத்துப் பெஞ்சுக்காரன் எட்டிப் பார்த்து, கடைசி வரியை உரக்கச் சொல்லிப் பேர் வாங்கிவிடுவான். அடுத்த நாள் முதல் பையன் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவான். அந்தக் கையை நான் எத்தனை முறை தட்டிவிட்டிருக்கிறேன்! இன்றைக்கு அந்தக் கை என்னுடையது.

குழாய் ஒழுகினால் அத்தானைக் கூப்பிடுங்கள், மின்விசிறி நின்றால் அத்தானைக் கூப்பிடுங்கள். கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து கேட்கிறேன். கடைசியாகத் தண்ணீர் வந்த அன்றும், நீ மெஷினைத் தூக்கச் சொல்லிக் கத்த, நான் "ஒரு நிமிஷம்" என்று ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருக்க, முழங்கால் தண்ணீரில் வந்து அதைத் தோளில் தூக்கியவர் அவர்தான். அதற்குள் அடியில் மாட்டியிருந்த மோட்டார் நனைந்துவிட்டது. அன்று முப்பத்தொன்றரை சென்டிமீட்டர். எழுதப் போவதில்லை என்றேன், எழுதிவிட்டேன்.

"தண்ணி நின்னாச் சொல்லுங்க, வர்றேன்" என்று சொல்லிப் போனாய். அதை நிறுத்துவதும் அவராகத்தான் இருக்க வேண்டுமா?

அக்கா போனில் கேட்டால் நோட்டு நனைந்துவிட்டது என்றே சொல். எனக்காக இந்த ஒரு பொய்.

உன்,
வாத்தியார்


ஞாயிற்றுக்கிழமை

கோபத்திலும் கையெழுத்து மாறாதவளுக்கு,

உன் இரண்டு வரிப் பதில் நேற்றுக் காலை கூரியரில் வந்தது. "பொய் சொல்ல மாட்டேன். நோட்டை எழுதத்தான் எழுதினீங்க, என்னைக்காவது படிச்சீங்களா?" ஆசிரியரிடம் கேட்கக் கூடாத கேள்வி இது.

நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன். நோட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் போனேன். கூட்டம் முடிந்ததும் எஞ்சினியரிடம் தனியாக, என் கையால், என் பெயரில் கொடுத்துவிடலாம் என்று திட்டம். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன்.

உன் அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து, தன் டியூட்டி நோட்டிலிருந்து ஏழு தேதிகளைப் படித்தார். ஹோட்டல் சங்கத்துச் செயலாளர் சிரித்தார். "நாப்பது பூல் தண்ணியில ஒரு ஊரே மூழ்குமா? வானத்தைக் கேளுங்க சார், எங்களை ஏன் கேக்கறீங்க?" சபையும் சேர்ந்து சிரித்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் இனித்தது.

அப்போது அவர் சொன்னார்: "முப்பது வருஷம் வால்வைத் திறந்தவன் நான்தான். தண்ணி சரசரன்னு போறதைப் பாத்துக்கிட்டே நிப்பேன். எங்க போகுதுன்னு ஒரு நாளும் யோசிக்கல. போனது என் கொழுந்தியா வீட்டுக்குள்ள. அந்தப் பொண்ணு இன்னைக்கு வீட்டையே விட்டுட்டுப் போயிடுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். பார்த்தாயா, தப்பு செய்ததைச் சொல்லியே அவர் கைதட்டு வாங்குகிறார். நானோ பதினேழு வருடம் ஒழுங்காக எழுதிய நோட்டைத் திருட்டுப் பொருள் மாதிரி மடியில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

எஞ்சினியர் கேட்டார்: "நீங்க திறந்த நேரம் இருக்கு. தெருவுல தண்ணி ஏறின நேரம் யார்கிட்ட இருக்கு? அது இல்லாம ஹோட்டல்காரங்களுக்கு நான் உத்தரவு போட முடியாது." வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கொடுத்தார்.

உன் அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். "இருந்துச்சு மேடம். எங்க வாத்தியார் பாவம், பதினேழு வருஷம் எழுதி வெச்சிருந்தாரு. தண்ணியில போயிடுச்சு" என்றார். பாவம் என்றார்! நான் எழுந்து நோட்டை நீட்டியிருக்க வேண்டும். பையின் வாரைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து நீ சொன்னபடி படித்தேன். முதல் பக்கத்திலிருந்து, விடைத்தாள் திருத்துவது போல, சிவப்புப் பேனாவுடன்.

ஒரு குளத்தில் மூன்று லட்சம் லிட்டர் என்று வை. நாற்பது குளத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம். நம் தெருவும் பக்கத்துத் தெருக்களும் கிடக்கிற பள்ளம் பத்து ஏக்கர். அதில் இந்தத் தண்ணீரைப் பரப்பினால் முப்பது சென்டிமீட்டர் நிற்கும். வெறும் மழையாக இருந்தால் உன் மெஷினின் மிதிகட்டைகூட நனைந்திருக்காது.

இன்னும் கேள். ஒன்பது இடத்தில் என் கையெழுத்திலேயே "தண்ணீரில் குளோரின் வாடை" என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு முறையும் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? "நகராட்சி மருந்து கலந்திருக்கிறது. பாராட்டத் தக்கது." விடை ஒன்பது முறை வீட்டுக்குள் வந்து காலைத் தொட்டிருக்கிறது. நான் அளந்து பார்த்து அனுப்பிவிட்டேன். இந்த மாணவனுக்கு என்ன மதிப்பெண் போடுவது?

அத்தான் படிக்கும்போது நான் குறித்துக்கொண்ட ஏழு தேதிகளில் ஆறு பொருந்துகின்றன. அவர் வால்வைத் திறந்த இரண்டு மணி நேரத்தில் நம் படியில் தண்ணீர். ஏழாவது மட்டும் பொருந்தவில்லை. அன்று அவர் திறந்திருக்கிறார், மழையும் பெய்திருக்கிறது, ஆனால் நம் வீட்டுக்குள் ஒரு சொட்டும் இல்லை; "மழை மட்டும்" என்று எழுதி உயரக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஏன் என்று தெரியாமல் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டைக் கொடுத்தால் தண்ணீர் நிற்கும். நீ வருவாய். ஆனால் அவரால் வந்தவளாக வருவாய். கொடுக்காவிட்டால் நீ நான்காம் மாடியில், நான் செங்கல் மேல். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. மறைக்காமல் எழுதிவிட்டேன். என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது.

உன்,
வாத்தியார்


சனிக்கிழமை, ஏழு வாரம் கழித்து

நாலு வரி திட்டச் சொன்னால் நாலு பக்கம் திட்டியவளுக்கு,

உன் நாலு பக்கம் வருவதற்கு முன்பே நோட்டைக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதே எழுதினேன். எப்படிக் கொடுத்தேன் என்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தராசில் வைத்ததை உனக்கு எழுதிவிட்ட பிறகு நோட்டை வீட்டில் வைத்திருக்கவே வெட்கமாக இருந்தது; அந்தத் திங்கட்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த உன் அக்கா, நான் கையில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார். உன் அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். தண்ணீரோடு வாழ்ந்தவருக்கு நனைந்த தாள் எது, நனையாத தாள் எது என்று தெரியாதா? ஒரு தாளின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்லாக் காஞ்சிருக்கு வாத்தியாரே" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பெருந்தன்மையிலும் அவரே முந்திக்கொண்டார்.

குளோரின் வரிகளைக் காட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தார். "எங்க பூல் மருந்துக்கு நகராட்சியைப் பாராட்டின ஒரே ஆள் நீங்கதான்!"

பிறகு ஏழாவது தேதியைக் காட்டினேன். போகும் வழியில் துறைமுக அலுவலகத்தில் பழைய ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். உயர் ஓதத்தில் கடல் மேலே ஏறி வாய்க்காலின் வாயை அடைத்துக்கொள்ளும், தாழ் ஓதத்தில் இறங்கி வழி விடும். முப்பத்து நாலு வருடம் படம் போட்டு நடத்திய பாடம். அந்த ஏழாவது தேதியில் அவர் திறந்த நேரத்தில் கடல் இறங்கியிருந்தது, அதனால் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போய்விட்டது. எப்போது திறக்க வேண்டும் என்பதும் அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

அவர் நான் போட்ட வட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றினார். பிறகு, "இது எனக்குத் தோணலையே" என்றார். அந்த மூன்று வார்த்தைகளைப் பள்ளிக்கூடத்துப் பையன் மிட்டாயை வைத்திருப்பது போல இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன்.

இரண்டு நோட்டையும் சேர்த்தே கொண்டுபோய்க் கொடுத்தோம். உத்தரவு வந்தது. பெருமழை அறிவித்தால் இரண்டு நாள் முன்பே, தாழ் ஓத நேரத்தில், ஹோட்டல்கள் முறை வைத்துக் குளத்தைக் காலி செய்ய வேண்டும். காலியான குளத்தில் தங்கள் மொட்டைமாடி மழைநீரைத் தேக்கி, அடுத்த முறை கடல் இறங்கியபின் விட வேண்டும். செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாராம்.

நேற்று முன்தினம் பெருமழை. உயர் ஓத வேளையிலேயே கொட்டியது. நான் வாசலில் ஸ்கேலோடு நின்றேன். பழக்கம், விடவில்லை. தெருவில் கணுக்கால் வரை வந்தது. முதல் படியைத் தொட்டது. இரண்டாம் படியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நோட்டில் வீட்டுக்குள் ஏறிய உயரம் என்ற கட்டத்தில் முதல் தடவையாகப் பூஜ்யம் போட்டேன். இத்தனை வருடம் எத்தனையோ பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன், இவ்வளவு சந்தோஷமாகப் போட்டதில்லை. ஆனால் எஞ்சினியர், இதோடு முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், வாய்க்கால் வாய்க்குக் கதவு போட வேண்டும், அதற்கு அடுத்த வருடமாகும் என்கிறார்.

தையல் மெஷினுக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. ரிப்பேர்க் கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்து வாங்கினேன். உன் அத்தான் வண்டி எடுத்து வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே தோளில் தூக்கி வந்தேன். முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை. அக்காவிடம் சொல்லிவிடாதே, உடனே அவர் தைலத்தோடு வந்து நிற்பார்.

கட்டிலைச் செங்கலிலிருந்து இறக்கிவிட்டேன். அதையும் தனியாகத்தான்.

உன் அக்கா இதற்குள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்று தெரியும். பரவாயில்லை. ஆனால் தண்ணீர் நின்றால் சொல்லச் சொன்னது என்னிடம். அதனால் இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை நீ ஒன்றும் கேள்விப்படாதவளாகவே இரு. இப்போது நான் சொல்கிறேன், முதல் தடவையாகக் கேள்.

தண்ணீர் நின்றுவிட்டது.

எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு நான் மட்டும் வருகிறேன். பெட்டி கனமாக இருக்கும், அத்தானிடம் வண்டி இருக்கிறது என்று அவரைக் கூப்பிட்டுவிடாதே. இந்த ஒரு முறை, முதுகு எப்படி இருந்தாலும், நான் தூக்கிக்கொள்கிறேன். ஸ்கேலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

உன்,
வாத்தியார்