தாடிக்காரருக்குச் சந்தனப் பொட்டு

அன்பு மகளுக்கு,

டுசல்டோர்ஃப் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ரயிலில் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். உன் எர்லாங்கன் அறையில் படமாக மாட்டியிருந்த தாடிக்காரரை, நீ விரும்பும் பொடியனின் காலமான தகப்பன் என்று நினைத்து, கோயிலிலிருந்து உனக்குக் கொண்டுவந்த சந்தனத்தில் அவருக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டவன் நான்தானே. அவர் சம்பந்தி இல்லை, யாரோஷென்கோ என்ற பழைய ரஷ்ய ஓவியர் என்று நீ சொன்ன பிறகு, கும்பிட்ட கையை எப்படி இறக்குவதென்றே தெரியவில்லை.

வேலையை விட்டுவிட்டு ஓவியம் படிக்கப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். மறுக்கத்தான் வந்தேன். அந்த மனுஷன் ராணுவத்தின் தோட்டாத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஆட்களைப் படமாகக் கீறினார் என்று கேட்டதும் எனக்குப் புளுகம், என் பக்கத்துக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

"பார், அவர் வேலையை விடேல்லைத்தானே?" என்றேன்.

"ஓம் அப்பா. ஆனா அவர் செய்த தோட்டாவை ஆர் சுவரில கொழுவியிருக்கினம்?" என்றாய்.

பிறகு அவர் கீறிய உலைத் தொழிலாளியின் படத்தைக் காட்டினாய். நெருப்பு வெளிச்சத்தில் நரம்பு புடைத்த இரண்டு பெரிய கைகள். பேக்கரி அடுப்பில் இத்தனை வருடம் வெந்த என் கைகளை மேசைக்கு அடியில் ஒளித்தேன். நீ அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போய்ப் படி, பிள்ளை. அம்மாவை நான் சமாளிக்கிறேன். அந்தப் பொட்டைத் துடைத்துவிடாதே, மனுஷனுக்கு வடிவாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது, எழுதிவிடுகிறேன்: முதல் ஆளாக என்னைக் கீறு.

உன் அப்பா