அக்காவுக்கு எந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினான்கு பல். ஆறு கடைவாய், எட்டு முன்பல். டாக்டர்கள் அனுப்பும் ஸ்கேனைத் திறந்து, பல் இல்லாத இடத்தில் ஒரு பல்லைத் திரையிலேயே செதுக்கிப் பொருத்தி, கடையும் இயந்திரத்துக்கு அனுப்புவது என் வேலை. கையில் மவுஸ், எதிரே யாரோ ஒருவருடைய வாய். முகம் கிடையாது. இப்போதைக்கு எனக்கு அது வசதி.

பக்கத்து மேசையில் செய்த பல்லுக்கு நிறம் தீட்டுபவரை லேபில் எல்லாரும் பீங்கான் அண்ணன் என்போம். "என்னம்மா, காலையிலேர்ந்து வாயே திறக்கலை? திரையில இத்தனை வாய் திறந்து கிடக்கே, அது போதும்னு விட்டுட்டியா?" என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

மார்ச் 5, வியாழன்

நான் பகிர்ந்த பல் தொகுப்பை ஆயிரத்து இருநூறு பேர் இறக்கியிருக்கிறார்கள். பல் வடிவமைப்பவர்களின் இணையக் குழு அது. அவரவர் செதுக்கிய மாதிரிகளைப் போடுவோம். வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் நோயாளிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வார்கள்.

என்னுடையது அக்காவின் மேல்வரிசை. லேபுக்குப் புது ஸ்கேனர் வந்தபோது பழகிப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவளைத்தான் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "என்னைப் பலியாடு ஆக்கிட்டியேடி" என்றாள். போன ஏப்ரலில் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்த ஸ்கேனை எடுத்துச் சரிசெய்து குழுவில் போட்டேன். ஏன் போட்டேன்? தெரியவில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

இன்று ஒருவர் எழுதியிருக்கிறார்: 'அளவெடுத்து நிறுத்தின பல்லையே பார்த்து அலுத்துப்போச்சு. இதில் இரண்டு பக்கமும் தெத்துப்பல் முண்டிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் உயிர்.' படித்தேன். லைக் போட்டேன். சாப்பிடப் போனேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது மாமாவும் வாலுவும் மட்டும் இருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது அக்கா வீடுதான். வாலு, அக்காவின் மகள். பதினோரு வயது. சும்மா இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

அவளுக்கு மேலே வலப்பக்கம் கோரைப்பல் முளைக்கிறது, பக்கத்துப் பல்லின் தோளில் ஏறிக்கொண்டு. கிளிப் போடுவதா என்று முடிவு செய்ய இருபத்தோராம் தேதி பல் டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். வாலு கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி, அம்மாவுக்கும் இந்தப் பக்கம்தானே?"

"எதுக்குடி கேக்கறே?"

"இந்தப் பக்கம்னா எனக்குக் கிளிப் வேணாம். அம்மா மாதிரியே இருக்கட்டும்."

"நாளைக்குப் பாத்துச் சொல்றேன். அம்மா பல்லே என்கிட்டதானே இருக்கு" என்றேன், பெரிய இவள் மாதிரி.

மார்ச் 9, திங்கள்

இரண்டு பக்கமும் இருக்கிறது.

மிரர். மிரரை நிறுத்த மறந்திருக்கிறேன். அதைப் போட்டுவிட்டுச் செதுக்கினால் ஒரு பாதியில் இருப்பது அப்படியே மறு பாதிக்கும் வந்துவிடும். கடைவாய்ப் பல்லுக்காகப் போட்டிருப்பேன். அதோடு தெத்துப்பல்லும் இரண்டாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. ஒன்பது வருஷம் கழித்து நான் செய்திருக்கிறேன். செய்து, பழைய கோப்பின் மேலேயே சேமித்தும் வைத்திருக்கிறேன். லேப் கணினியில் ஆறு மாதத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லை.

சரி, கோப்பு போகட்டும். எனக்கே தெரிய வேண்டாமா? இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள். கண்ணை மூடினால் அக்கா சிரிக்கிறாள், உடனே கை வந்து வாயை மூடுகிறது. கைதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கை யாரால்? என்னால்தான். ஏழு வயதில் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "தெத்துப்பல்லி, தெத்துப்பல்லி" என்று கத்தினவள் நான். அதற்குப் பிறகுதான் அவள் மூட ஆரம்பித்தாள். ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டவில்லை. பாவி, ஒருதரமாவது திட்டியிருக்கலாமே.

மார்ச் 10, செவ்வாய்

அம்மாவிடம் போனில் கேட்டேன். "வலதுதான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

மாமாவிடம் கேட்டேன். "இடது. பதினாலு வருஷம் பாத்திருக்கேன்." பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். "இல்ல, வலதா இருக்குமோ? கண்ணுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு, கிட்டப் போனா காணோம்." குரல் உடைந்துவிட்டது. "பரவாயில்ல மாமா" என்றேன். ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் பெண் மாதிரி இருந்தது என் குரல்.

போட்டோக்களில் எல்லாம் உதடு மூடிய சிரிப்பு. வாய் திறந்தது இரண்டே இரண்டு, இரண்டும் செல்ஃபி. பின்னால் வெறும் சுவர். போன் திருப்பிப் போட்டதா, நேராகப் போட்டதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்ச் 11, புதன்

வலது என்று சொல்லிவிட்டால் என்ன? யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

மார்ச் 12, வியாழன்

பீங்கான் அண்ணனிடம் சொன்னேன். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர், தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ முதல்ல போட்டது வேறல்ல? ஒரு நாள் இருந்துச்சு. மறுநாள் 'சுத்தம் செய்தது'ன்னு மாத்திப் போட்டே. நான்தான் 'பல்லுக்குமா பவுடர் பூசறே'ன்னு கேட்டேனே."

ஆமாம். முதல் நாள் ஸ்கேனை அப்படியே போட்டேன். மறுநாள்தான் மாற்றினேன். அந்த மாதத்து நாட்கள் எதுவுமே என்னிடம் இல்லை; அவர் சொன்ன பிறகுதான் வருகிறது. அண்ணன் இறக்கி வைக்கவில்லையாம். அந்த ஒரு நாளில் பன்னிரண்டு பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று குழுவின் கணக்கு காட்டுகிறது. யார் யார் என்று காட்டவில்லை.

குழுவில் எழுதினேன்: 'முதல் நாள் போட்ட கோப்பு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அது என் அக்காவுடையது. வேறு பிரதி இல்லை.' அனுப்பும்போதாவது ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கை கழுவிவிட்டு அடுத்த வாயைத் திறந்தேன்.

மார்ச் 14, சனி

மூன்று பேர் அக்கறையாக அனுப்பியிருந்தார்கள். மூன்றிலும் இரண்டு தெத்துப்பல்.

மார்ச் 16, திங்கள்

பதினாறு பல். பதில் இல்லை.

வாலு போன் செய்தாள். "பாத்தியா சித்தி?" "பாத்துட்டே இருக்கேன்டி." "இன்னுமா? என்ன அம்மாவுக்கு நூறு பல்லா இருந்துச்சு?" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 19, வியாழன்

வந்துவிட்டது.

எங்கேயோ ஒரு சின்ன லேபில் வேலை செய்யும் பெண். அவள் எழுதியதை மொழிபெயர்ப்பில் போட்டுத்தான் படித்தேன். 'நீங்கள் மாற்றிப் போட்டதைப் பார்த்தேன். எனக்குப் பழையதுதான் பிடித்திருந்தது, அழிக்கவில்லை. விபத்தில் முன்பல் போன ஒரு ஆசிரியைக்கு இதைத்தான் பொருத்தினோம். முன்பு கட்டியது கடன் வாங்கின பல் மாதிரி இருந்ததாம். இது தன் பல் மாதிரி இருக்கிறது என்றார். உங்கள் அக்காவுக்கு நன்றி.'

திறந்தேன். இடது.

இடது பக்கம் மட்டும். அதன் நுனியில் ஒரு சின்னக் குழி. அக்கா தைக்கும்போது நூலைக் கடித்து அறுத்து அறுத்து வந்தது. அதைக்கூட நான் 'சுத்தம்' செய்திருக்கிறேன். படுபாவி.

நான்கு இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன். வாலுவுக்கு வலது. என்ன சொல்வேன் அவளிடம்?

மார்ச் 20, வெள்ளி

பொய்யே சொல்லிவிடலாம் என்று காலையில் நினைத்தேன். மத்தியானமும் நினைத்தேன். முடியாது. அக்காவை ஒருதரம் திருப்பிப் போட்டாகிவிட்டது, போதும்.

மார்ச் 21, சனி

டாக்டரிடம் போவதற்கு முன்னால் மாமா வாலுவை லேபுக்கு அழைத்துவந்தார். திரையில் திறந்து காட்டினேன்.

"அம்மாவுக்கு இடதுடி. உனக்கு வலது. நான்தான் தப்பா செதுக்கிக் குழப்பிட்டேன்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாலு திரைக்கு நேராகப் போய் நின்றாள். உதட்டைத் தூக்கினாள். திரையையும் தன் பல்லையும் விரலால் மாறி மாறித் தொட்டாள்.

"சித்தி, அம்மா என்னைப் பாத்துட்டு நின்னா ரெண்டும் ஒரே பக்கம்தானே வருது?"

பார்த்தேன். ஆமாம். எதிரெதிரே நின்றால் ஒரே பக்கம்தான்.

"அப்ப சரி. அம்மாவோடது இங்க பத்திரமா இருக்குல்ல, கிளிப் போட்டுக்கறேன். அதுக்கு முன்னாடி என்னோடதையும் எடுத்து வை. மிரர் கிரர் எதுவும் போடாதே. யாருக்கும் குடுக்காதே."

நாற்காலியில் சாய்த்து, ஸ்கேனரை அவள் வாய்க்குள் விட்டேன். கடைவாயிலிருந்து ஒவ்வொரு பல்லாகத் திரையில் வந்தது. அந்தக் கோரைப்பல்லுக்கு வந்தபோது வாலு முகத்தைச் சுளித்தாள். வாயில் கருவி இருந்ததால் பேச முடியவில்லை. விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். ஈரம். இன்னொரு சொட்டு விழுந்தது.

ஏசிதான் ஒழுகுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஏசி இல்லை.