கடல்புறாவின் காதோரப் புள்ளி

ஸ்ரீபெரும்புதூர்
22-11-1981

கர்த்தருக்குள் பிரியமான புஷ்பத்துக்கு,

உன் வீட்டுக்காரன் செல்வநாதன் எழுதுவது. நான் சுகம். சுகம் என்றால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஸ்டுடியோவைத் திறந்து மூடுகிறேன். உன் சுகத்துக்கு எழுது.

நீ அனுப்பிய பிலிம் ரோல் வந்து சேர்ந்தது. உள்ளே வைத்திருந்த கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் பக்கம் கடல்புறா, இரண்டாம் பக்கமும் கடல்புறா, கடைசியில் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி. பழவேற்காட்டுக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனாயா, பறவை பார்க்கப் போனாயா? ஒரு வருஷ வேலை, வந்துவிடுவேன் என்று ஜூன் மாதம் சொல்லிவிட்டுப் போனாய். போகும்போது என் யாஷிகா கேமராவையும் கேட்டாய். தலையை ஆட்டிவிட்டேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஒரகடத்திலிருந்து ஜெபமணி அக்கா வந்தால் முதல் கேள்வியே, “இன்னாடா, உனுக்கும் அவளுக்கும் ஏதாவது சண்டையா?” என்பதுதான். சண்டை இல்லை என்கிறேன். “அப்பறம் ஏன் போனா?” என்கிறது. எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்ல?

மறைமலை நகரில் கம்பெனிகள் வருவதால் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக் கூட்டம் வருகிறது. அந்த வேலைக்கு நடுவிலும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து உன் பறவைகளைச் சுத்தமாக்கிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். தலையெல்லாம் வெளுத்த வேட்டி மாதிரி வந்திருக்கிறது. கிறிஸ்துமசுக்கு வருவாய் அல்லவா?

உன் அன்புள்ள,
செல்வநாதன்


பழவேற்காடு
2-12-1981

அன்புள்ள அத்தானுக்கு,

புஷ்பம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். படங்கள் கிடைத்தன. எத்தனை அழகு! பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். பிறகு குழம்பிவிட்டேன்.

இங்கே படகுத்துறையில் மீன் சுத்தம் செய்யும் இடத்தில், கை நீட்டும் தூரத்தில் வந்து உட்காரும் பறவைகள் இவை. வெள்ளைத் தலை, சிவந்த கால், கண்ணுக்குப் பின்னால் மை தீற்றியது போல ஒரு கறுப்புப் புள்ளி. எந்தப் பறவையைப் பார்த்தாலும் அந்தப் புள்ளி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. மறுநாள் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு துறையில் நின்று பார்த்தேன். பறவைக்குப் புள்ளி உண்டு, படத்துக்கு இல்லை. தலைமை ஆசிரியை ஞானம்மா டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கண்ணை டாக்டரிடம் காட்டும்மா” என்றார்.

அவரிடம் ஒரு பறவைப் புத்தகம் இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கடல்புறாவுக்குக் காதோரம் புள்ளி இருக்கும் என்று அதிலும் போட்டிருக்கிறது. அப்படியானால் நான் படம் எடுத்தது வேறு ஜாதியா? மெட்ராசில் பறவை பார்க்கிறவர்கள் சங்கம் ஒன்று இருக்கிறதாம். இரண்டு படங்களை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கிறிஸ்துமசுக்குப் பிள்ளைகளின் பாட்டுக்குழுவை என் தலையில் கட்டிவிட்டார்கள். வர முடியாது, கோபிக்க வேண்டாம். இன்னொன்று. இந்த வேலையை எனக்கே நிரந்தரமாகத் தருவதாகத் தாளாளர் சொல்கிறார். மார்ச் முடிவதற்குள் பதில் வேண்டுமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
புஷ்பம்


ஸ்ரீபெரும்புதூர்
28-12-1981

பிரியமான புஷ்பத்துக்கு,

பண்டிகை வாழ்த்துகள். அக்கா கொண்டுவந்த கேக்கை நான் தனியாகத் தின்றேன். நிரந்தர வேலை என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதைப்பற்றி உன் மனசு என்ன என்று எழுதவே இல்லையே. புள்ளியைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்! என்மேல் கோபமென்றால் கோபம் என்று எழுது. பறவையை நடுவில் நிறுத்திப் பேசாதே. எனக்கு அந்த அளவுக்குப் புத்தி கிடையாது.

இங்கே ஒரு கூத்து. வல்லம் நடேசனுக்கு அட்டைக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன். வேலைக்குச் சேரப் போன மறுநாள் காலையில் கடை திறக்குமுன் வந்து நிற்கிறான். “இன்னாண்ணே பண்ணி வச்சிகீற? கேட்டாண்ட வாட்ச்மேன் உள்ளயே வுடல. நெத்தில இம்மாம் பெரிய தழும்பு கீது, படத்துல காணோமே, உன் தம்பி கார்ட எடுத்துகினு வந்தியான்றான். மொத நாளே ஷிப்டு போச்சிண்ணே!” என்று கத்துகிறான். சின்னதில் மாடு முட்டிய தழும்பு அது. நல்ல வேலைக்குப் போகிற பையனுக்கு முகம் லட்சணமாக இருக்கட்டுமே என்று டச்சிங் செய்து தழும்பை மறைத்தேன், அதற்குக் காசுகூட வாங்கவில்லை. நல்லது செய்தால் சண்டைக்கு வருகிறார்கள். உலகம் போகிற போக்கு எனக்குப் பிடிபடவில்லை.

கண்ணை டாக்டரிடம் காட்டினாயா?

செல்வநாதன்


பழவேற்காடு
18-1-1982

அன்புள்ள அத்தானுக்கு,

போன சனிக்கிழமை மெட்ராஸ் சங்கத்திலிருந்து சுப்பராயன் என்று ஒரு பெரியவர் வந்தார். புள்ளியே இல்லாத கடல்புறாவை இந்தக் கரையில் யாரும் கண்டதில்லையாம். என் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை என்றார். பைனாகுலரும் பையுமாகப் பொன்னேரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். பொழுது சாயும்வரை துறையில் நின்றோம். எல்லாப் பறவைக்கும் புள்ளி இருந்தது. கடைசியில் அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “இந்தப் படத்தை நிஜமாகவே இங்கேதான் எடுத்தீங்களாம்மா?”

பொய்க்காரி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ஞானம்மா டீச்சர் பக்கத்தில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். நடேசனின் தழும்பைப் படித்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அத்தான், ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள். என் பறவைகளுக்கும் டச்சிங் செய்தீர்களா?

புஷ்பம்


ஸ்ரீபெரும்புதூர்
25-1-1982

பிரியமான புஷ்பத்துக்கு,

செய்தேன். செய்யாமல் எப்படி அனுப்புவது? முகத்தில் புள்ளியோடு என் கடையிலிருந்து ஒரு படம் வெளியே போனதுண்டா? உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, பென்சிலை ஊசி மாதிரி சீவி, ஒவ்வொரு தலையாக நெகடிவில் புள்ளியை அடைத்தேன். நெகடிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெள்ளையாகிவிடும். கண் எரிந்தது. எல்லாப் பறவைக்கும் ஒரே இடத்தில் அழுக்கு இருக்குமா என்று நீ கேட்பாய். நானும் யோசித்தேன். மீன் குடலில் தலையை விடுகிற பறவை, அங்கேதான் ஒட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீ புள்ளி என்று எழுதியபோதும், நான் அடைத்த அழுக்குதான் அது என்று எனக்கு உறைக்கவில்லை. நீ பார்த்து சந்தோஷப்படுவாய் என்றுதான் செய்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

டர்பன்டைனில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பென்சில் போய்விடும். துடைத்துப் புதிதாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெரியவருக்குத் தவறு என்னுடையது என்று நானே எழுதுகிறேன், விலாசம் கொடு.

இதோடு முடிந்தது அல்லவா? எப்போது வருகிறாய்?

செல்வநாதன்


பழவேற்காடு
9-2-1982

அன்புள்ள அத்தானுக்கு,

புதுப் படங்கள் வந்தன. புள்ளிகள் வந்துவிட்டன. நன்றி.

முடிந்ததா என்று கேட்டீர்கள். என் இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவு கறுப்பு மச்சம் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா? நம் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் அது இல்லை. உங்கள் ஸ்டுடியோ சினேகிதர் நாகப்பன் அண்ணன் எடுத்தார், டச்சிங் நீங்கள். அந்தப் படத்தின் கீழேதான் தினமும் காபி குடித்தேன். ஒரு தரம் ஜெபமணி அண்ணி அதைப் பார்த்துவிட்டு, “அப்பல்லாம் நீ எப்டி இருந்த!” என்று பெருமூச்சு விட்டார்கள். அப்போதும் நான் இப்படித்தான் இருந்தேன்.

இதற்காகத்தான் வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு படத்துக்காக யாராவது புருஷனை விட்டு வருவார்களா? ஏன் வந்தேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. நீங்கள் அடித்ததில்லை, திட்டியதில்லை. ‘தாடையைக் கொஞ்சம் இறக்கு’ என்பீர்கள். ஸ்டுடியோவில் சொல்கிற மாதிரியே வீட்டிலும் சொல்வீர்கள். கோவிலுக்குப் புறப்படும்போது முக்காட்டை இடது பக்கம் கொஞ்சம் இழுத்துவிடுவீர்கள். ஆசையாகத்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் மூச்சு முட்டியது.

இங்கே முதல் நாளே கங்கா என்று ஒரு சிறு பெண், “டீச்சர், காதாண்ட இன்னா கருப்பு?” என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து இருக்கிறது என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு ஏனோ அழுகை வந்தது.

தாளாளருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

புஷ்பம்


ஸ்ரீபெரும்புதூர்
20-3-1982

புஷ்பத்துக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. மச்சம் நினைவிருக்கிறதா என்று கேட்டுவிட்டாயே! இருக்கிறது. இடது காது என்று நீ எழுதியதால் தெரிந்ததா, எனக்கே தெரிந்ததா என்றுதான் குழப்பம். ஒரு வாரம் அதே யோசனை.

பிறகு கல்யாண நெகடிவைத் தேடி எடுத்தேன். டர்பன்டைனில் பஞ்சை நனைத்தேன். துடைத்தேன். உன் மச்சம் வந்தது. கூடவே என் மூக்கின் மேலிருக்கும் மருவும் வந்தது. அதையும் அன்றைக்கு அடைத்திருக்கிறேன், மறந்தே போய்விட்டேன்! புதிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா பார்த்துவிட்டு, “அய்யே, காதாண்ட இன்னா கருப்பா கீது? படம் வீணாப்பூட்ச்சா?” என்றாள். இப்போதுதான் சரியாயிற்று என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுசாக விளங்கிற்று என்று சொல்லமாட்டேன்.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம், “தழும்பு இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?” என்று கேட்கிறேன். பாதிப்பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஒரு பிரதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஈஸ்டருக்கு வந்துவிடு புஷ்பம். வீடு வீடாக இல்லை. இதற்குமேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

செல்வநாதன்


பழவேற்காடு
2-4-1982

என் அன்புள்ள அத்தானுக்கு,

படம் கிடைத்தது. உறையைப் பிரித்ததும் ஒரு நிமிஷம், உங்கள் பக்கத்தில் யார் இந்தப் பெண் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, மச்சமில்லாத அவளே நான் என்று எனக்கும் ஆகிவிட்டிருக்கிறது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். உங்கள் மருவைப் பார்த்து நடுவில் சிரித்தும் விட்டேன்.

தாளாளரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. புதுப் படத்தில் இருக்கிற இந்தப் பெண்ணோடு நான் கொஞ்ச நாள் பழக வேண்டியிருக்கிறது, அத்தான். அதனால் ஈஸ்டருக்கு நான் வரவில்லை. நீங்கள் வாருங்கள். ஒரு நாள் கடை மூடியிருந்தால் ஸ்ரீபெரும்புதூர் ஒன்றும் முழுகிப் போகாது. பொன்னேரி வந்துவிட்டால் அங்கிருந்து பஸ் இருக்கிறது.

பறவைகளுக்குத் தலை முழுக்கப் பழுப்பு ஏறிவிட்டது. புள்ளி இருந்த இடமே தெரியவில்லை. ஊருக்குத் திரும்பும் முன் அப்படித்தான் ஆகுமாம், சுப்பராயன் ஐயா எழுதியிருக்கிறார். நீங்கள் எழுதிய கடிதம் அவருக்குக் கிடைத்தது, வருத்தம் ஒன்றும் இல்லை என்றும் சொல்லச் சொன்னார். பாதிக்குமேல் போய்விட்டன. நீங்கள் வரும்போது ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் ஐப்பசியில் வரும், அப்போதும் வாருங்கள்.

யாஷிகாவுக்கு ஒரு ரோல் வாங்கி வாருங்கள். இந்தத் தரம் நான் எடுக்கிறேன், நீங்கள் துறையில் நில்லுங்கள். தாடையை இறக்கு என்று சொல்லமாட்டேன்.

உங்கள்,
புஷ்பம்