ஒரு மீட்டருக்கு ஏழு நிமிடம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள். வரிகள் கோணலாகப் போவதற்கு இந்தக் கோடு போடாத தாள்தான் காரணம்.

போன கடிதத்தில் உங்கள் கணினிக் கணக்கைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தேன். அதில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை. இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் வைத்தால், ஆறும்போது வெளி ஓரங்கள் மேலே தூக்கும் என்பது நீங்கள் பிறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். அதற்காகத்தான் சேரும் இடத்தை முன்கூட்டியே கொஞ்சம் உயர்த்தி வைக்கிறோம். ஓரங்கள் எழும்பி வந்து மட்டமாகிவிடும். எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் சிக்கல். நீங்கள் ஆறு மில்லிமீட்டர் என்றீர்கள். என் கையும் ஆறு என்றுதான் சொன்னது. வைத்தேன். ஆறிய பிறகு பார்த்தால் ஓரம் மூன்று மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

முதலாளி சத்தம் போடவில்லை. நாங்கள் இப்போது செய்கிற இயந்திரத்துக்கு இரண்டு அடித்தகடுகள், கெட்டது முதலாவது. இரண்டாவதற்கு மாதக் கடைசியில் வெல்டிங் வைக்க வேண்டும். அதுவும் தூக்கினால், இனி நான் உட்கார்ந்து அளவு பார்த்தால் போதும், வெல்டிங்கை வேறொருவர் செய்யட்டும் என்றார். முப்பத்தெட்டு வருடத்துக்கு இதுதான் மரியாதை.

கிரேன் ஓட்டுகிறவரிடம் தகடு சரியில்லை என்றேன். அவர் இறங்கி வந்து, "அண்ணே, தகட்ட ஏன் திட்டுறீங்க? மேலேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். முன்னெல்லாம் நான் ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு கோடு முடிச்சிருவீங்க. இப்ப டம்ளரக் கழுவி வச்சிட்டு வந்தாலும் பாதியிலதான் நிக்கிறீங்க" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஸ்கிராப் தகட்டில் ஒரு மீட்டர் வெல்டிங் வைத்து, அவரையே நேரம் பார்க்கச் சொன்னேன். இரண்டு வருடம் முன்பு பட்டறைக்கு வந்திருந்தபோது நீங்கள் கைபேசியில் பார்த்துக் குறித்துக்கொண்டது ஐந்து நிமிடம். இப்போது ஏழு. மெதுவாகப் போனால் அதிகச் சூடு இறங்கும், அதிகம் வளையும். இதற்குக் கணினி தேவையில்லை.

ஆகவே தவறு உங்களுடையதுதான். பழைய ஐந்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஐந்து என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

ஏழு என்று வைத்து மறுபடி போடுங்கள். ஏன் ஏழு என்று கேட்க வேண்டாம். மகள் கேட்டால் இரும்பு மாறிவிட்டது என்று சொல்லுங்கள். கண் டாக்டரிடம் போனீர்களா என்று போன வாரமும் போனில் கேட்டாள். போனேன், ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். இதை உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புவதும் அதனால்தான்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும். பதிலில் நலம் விசாரிப்பதெல்லாம் வேண்டாம். எத்தனை மில்லிமீட்டர் உயர்த்துவது என்ற எண்ணை மட்டும் எழுதுங்கள். கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்